கெல்ம்ஸ்காட் மேனர்

கெல்ம்ஸ்காட் மேனர் என்பது இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுசயர் மாவட்டத்தில், தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதியை ஒட்டியுள்ள கெல்ம்ஸ்காட் என்னும் சிற்றூரில் அமைந்துள்ள ஒரு பழைய கல்வீடு ஆகும். இது கி.பி. 1600 ஆம் ஆண்டளவில் ஓர் உழவர் குடும்பத்தினால் கட்டப்பட்டது. 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதன் வடகிழக்கு மூலையில் ஒரு புதிய பகுதி சேர்க்கப்பட்டது. கவிஞரும், வடிவமைப்பாளரும், சமவுடைமைச் சிந்தனையாளருமான வில்லியம் மாரிஸ் 1871 ஆம் ஆண்டு முதல் 1896 இல் இறக்கும் வரை இவ்வீட்டைத் தமது நாட்டுப்புற இல்லமாக வைத்திருந்தார். இக்கட்டிடம் இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டிடங்களின் பட்டியலில் முதல் தரத்தில் இடம்பெற்றுள்ளது.

பெயர் பெற்ற கட்டிடக்கலைஞர் எவரும் இவ்வீட்டை வடிவமைக்கவில்லை. அப்பகுதியில் கிடைத்த கல், மரம், சுண்ணாம்பு ஆகியவற்றைக் கொண்டு உள்ளூர்க் கொத்தர்களும் தச்சர்களும் இதைக் கட்டினர். சுவரின் கனம், சாளரத்தின் அகலம், கூரையின் சரிவு போன்ற கூறுகள் பெரும்பாலும் அப்பொருள்களின் இயல்பினால் அமைந்தவை. பழைய கட்டிடம் ஒன்றைப் பேணுவது எவ்வாறு என்ற கேள்விக்கு மாரிஸ் முன்வைத்த விடையைப் புரிந்துகொள்ளவும் இவ்வீட்டின் அமைப்பு உதவுகிறது.

அமைவிடம்

கெல்ம்ஸ்காட், லெச்லேடு என்னும் சிறு நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஊரைச் சூழ்ந்த நிலம் தாழ்வான ஆற்றுச் சமவெளி ஆகும். மழைக்காலத்தில் தேம்ஸ் கரைபுரண்டு புல்வெளிகளை மூழ்கடிப்பது வழக்கம். வடக்கிலும் மேற்கிலும் கோட்ஸ்வோல்டு குன்றுகள் உள்ளன. இக்குன்றுகள் ஜுராசிக் காலத்தில், அதாவது ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், ஆழமற்ற வெப்பக் கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. இக்கல்லின் பெரும்பகுதி மீன் முட்டைகளைப் போன்ற நுண்ணிய உருண்டை மணிகள் ஒன்றுசேர்ந்து உருவானது. எனவே இதை ஊலைட்டுச் சுண்ணாம்புக்கல் என்பர். கிரேக்க மொழியில் 'ஊன்' என்பது முட்டையைக் குறிக்கும் சொல்லாகும்.

புதிதாக வெட்டியெடுக்கும்போது இக்கல் ஈரப்பதத்துடன் மென்மையாக இருக்கும். காற்றுப்பட்டு உலர்ந்தபின் இறுகும். இதனால் அதைச் செதுக்குவது எளிது. தொடர்வண்டிப் பாதைகள் வருவதற்கு முன்பு கனமான கல்லை வண்டியில் நெடுந்தொலைவு கொண்டுசெல்வது பெருஞ்செலவாகும் என்பதால், ஒவ்வோர் ஊரும் தனக்கு அண்மையிலுள்ள கல்லையே பயன்படுத்தியது. இப்பகுதியின் வீடு, களஞ்சியம், கோயில், மதில் யாவும் ஒரே சாம்பல் நிறத்திலோ வெளிர்மஞ்சள் நிறத்திலோ காணப்படுவதற்கு இதுவே காரணம்.

வரலாறும் பெயரும்

இவ்வீட்டைக் கட்டியவர் தாமஸ் டர்னர் என்னும் வசதி படைத்த உழவர் ஆவார். 16 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17 ஆம் நூற்றாண்டிலும் இங்கிலாந்தின் பல பகுதிகளில் சொந்த நிலமுடைய உழவர்கள் செல்வ வளம் பெற்றனர். அவர்கள் தங்கள் பழைய மரவீடுகளுக்குப் பதிலாக உறுதியான, பல அறைகள் கொண்ட வீடுகளைக் கட்டிக்கொண்டனர். டர்னரின் வீடும் அவ்வகையைச் சேர்ந்ததே.

'மேனர்' என்னும் சொல் இங்கிலாந்தில் ஒரு நிலப்பிரபுவின் ஆட்சிக்குட்பட்ட நிலப்பகுதியையும், அவர் வாழும் மாளிகையையும் குறிக்கும். ஆனால் இவ்வீடு தொடக்கத்தில் நிலப்பிரபுவின் மாளிகையாக இருக்கவில்லை. 'கீழ்ப்பண்ணை' என்று பொருள்படும் பெயரே இதற்கு நெடுங்காலம் வழங்கியது. 1864 இல் டர்னர் குடும்பம் மேனர் உரிமையை விலைக்கு வாங்கியபின்னரே இன்றைய பெயர் ஏற்பட்டது. பெயரை மட்டும் கேட்டு அரண்மனை போன்ற கட்டிடத்தை எதிர்பார்த்து வருபவர்கள், இங்கே ஒரு பெரிய பண்ணைவீட்டையே காண்பர்.

கட்டிட அமைப்பு

சுவர்கள்

வீட்டின் சுவர்கள் ஒழுங்காகச் சதுரப்படுத்தப்படாத கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டப்பட்டவை. மூலைகளுக்கும் கதவு, சாளரங்களின் ஓரங்களுக்கும் மட்டும் செதுக்கிய கற்கள் பயன்படுத்தப்பட்டன. செதுக்குவதற்குக் கூலி அதிகம். எனவே, வலிமையும் நேரான விளிம்பும் தேவைப்படும் இடங்களில் மட்டும் செதுக்கிய கல்லையும், மற்ற இடங்களில் சாதாரணக் கல்லையும் வைத்துச் செலவைக் குறைத்தனர்.

இவ்வீட்டின் சுவர்கள் மேலே செல்லச்செல்லச் சிறிதளவு உட்புறமாகச் சாய்ந்துள்ளன என்று மாரிஸ் தமது கட்டுரை ஒன்றில் குறிப்பிட்டுள்ளார். இதைக் கட்டிடத் துறையினர் உட்சாய்வு என்பர். அடி அகன்றும் மேல் குறுகியும் இருக்கும் சுவர் கூடுதல் நிலைப்புடையது. கனமான கூரை சுவரை வெளிநோக்கித் தள்ளும்போது அதை எதிர்ப்பதற்கும் இச்சாய்வு உதவும்.

சுவரில் பயன்படும் சுண்ணாம்புச் சாந்தும் கவனத்திற்குரியது. இக்கல்லையே சூளையில் சுட்டு, நீற்றி, மணலுடன் கலந்தால் சாந்து கிடைக்கும். இச்சாந்து கல்லை விட மென்மையானது. நீராவியைத் தன்வழியே வெளியேற விடுவது. மழையில் நனைந்த சுவர் பின்னர் இச்சாந்து இணைப்புகளின் வழியாக உலர்ந்துவிடும். கட்டிடம் சிறிது அமிழ்ந்தால் சாந்தில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுமே தவிர, கற்கள் உடைவதில்லை. நாட்பட்டால் தேய்வதும் சாந்துதான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம்.

இத்தகைய சுவரில் பிற்காலத்துச் சிமெந்துச் சாந்தைப் பூசினால் விளைவு நேர்மாறாகும். சிமெந்து கல்லை விடக் கடினமானது. நீரை எளிதில் விடாது. ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். குளிர்காலத்தில் அந்த ஈரம் பனிக்கட்டியாக உறைந்து விரியும்போது கல்லின் முகப்பு பொருக்குப் பொருக்காக உதிரும். உறுதிப்படுத்தும் நோக்குடன் செய்யப்பட்ட வேலை இவ்வாறு சுவரையே அழித்துவிடக்கூடும்.

சாளரங்கள்

வீட்டின் சாளரங்கள் அகலமானவை. ஆயினும் ஒவ்வொன்றும் செங்குத்தான கல் நிலைக்கம்புகளால் இரண்டு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இது அழகுக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. சுண்ணாம்புக்கல் அமுக்க விசையை நன்கு தாங்கும். ஆனால் வளைக்கும் விசையைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. சாளரத்தின் மேல் கிடையாக வைக்கப்படும் நீண்ட கல், மேற்சுவரின் எடையால் நடுவில் விரிசல் கண்டுவிடும். இடையிடையே நிலைக்கம்புகளை நிறுத்தினால், ஒவ்வோர் இடைவெளியும் சிறிதாகி மேற்கல் பாதுகாப்பாக இருக்கும்.

அக்காலக் கண்ணாடியும் இவ்வமைப்புக்கு ஏற்றதாகவே இருந்தது. பெரிய கண்ணாடித் தகடுகள் அன்று எளிதில் கிடைக்கவில்லை. சிறு கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்துச் சட்டங்களாக்கி, குறுகிய இடைவெளிகளில் பொருத்தினர்.

1665 ஆம் ஆண்டளவில் சேர்க்கப்பட்ட வடகிழக்குப் பகுதியில் ஒரு மாற்றத்தைக் காணலாம். அதன் முக்கோண உச்சிச் சுவர்களில் உள்ள பரண் சாளரங்களின் மேல், கிரேக்க, உரோமக் கோயில் முகப்புகளை நினைவூட்டும் சிறு முக்கோண அணிகள் உள்ளன. நகரங்களிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் பரவிவந்த மறுமலர்ச்சிக்காலப் பாணி, ஆற்றங்கரை ஊரொன்றின் பண்ணைவீட்டை வந்தடைந்ததன் அடையாளம் இது. எனினும் சாளரங்களைப் பிரிக்கும் கல் நிலைக்கம்புகளையும், முக்கோண உச்சிச் சுவர்களையும் கொத்தர்கள் கைவிடவில்லை. பழைய முறையின் மேல் புதிய பாணியைச் சிறிதளவு சேர்த்துக்கொண்டனர்.

கூரை

கெல்ம்ஸ்காட் மேனரின் கூறுகளில் மாரிஸ் மிகவும் போற்றியது அதன் கூரையாகும். இது மெல்லிய கற்பலகைகளால் வேயப்பட்டது. முகட்டின் அருகே சிறிய பலகைகளும், கீழே வரவரப் பெரிய பலகைகளும், இறவாரத்தில் மிகப் பெரியவையும் வரிசையாக அமைந்துள்ளன.

இத்தகைய பலகைகள் இருவகையில் கிடைத்தன. சில இடங்களில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே கல் இயல்பாகவே மெல்லிய அடுக்குகளாக இருந்தது. அவற்றைத் தோண்டியெடுத்து நேரடியாகப் பயன்படுத்தினர். ஆக்ஸ்போர்டுசயரின் ஸ்டோன்ஸ்ஃபீல்டு ஊரில் வேறொரு முறை கையாளப்பட்டது. அங்கே நிலத்தடியிலிருந்து பெருங்கற்களை வெட்டியெடுத்து, ஈரம் உலர்ந்துவிடாமல் காத்து, குளிர்காலத்தில் திறந்தவெளியில் பரப்பி வைத்தனர். கல்லினுள் இருந்த நீர் உறைந்து விரிந்தபோது, கல் தன் படிவ அடுக்குகளின் வழியே பிளந்துகொண்டது. குளிர் வருவதற்குள் கல் உலர்ந்துவிட்டால் அது பின்னர் பிளப்பதில்லை. சுவர்க்கல்லை உதிரச்செய்யும் அதே பனி, கூரைக்கல்லை உருவாக்கும் கருவியாகவும் பயன்பட்டது. இத்தொழில் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று.

பலகைகளை அளவு வாரியாக அடுக்குவதற்குப் பல காரணங்கள் உள்ளன:

1. கற்சுரங்கத்திலிருந்து கிடைக்கும் பலகைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. அளவு வாரியாக அடுக்கினால் சிறியவை, பெரியவை எல்லாவற்றையும் வீணாக்காமல் பயன்படுத்தலாம்.

2. கூரையின் கீழ்ப்பகுதி தன்மேல் விழும் மழையோடு, மேலிருந்து வழிந்துவரும் நீரையும் கடத்த வேண்டும். அங்கே பெரிய பலகைகள் இருந்தால் இணைப்புகளின் எண்ணிக்கை குறையும்; ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியும் நீளமாக இருக்கும்.

3. பெரிய, கனமான பலகைகள் சுவருக்கு அருகே அமைவதால், அவற்றின் எடை கைமரங்களின் நடுப்பகுதியை அதிகம் அழுத்துவதில்லை.

ஒவ்வொரு பலகையின் மேல்முனையிலும் துளையிட்டு, ஒரு மரமுளையைச் செருகி, கைமரங்களின் குறுக்கே அடிக்கப்பட்ட மெல்லிய மரச்சட்டத்தில் தொங்கவிடுவது வழக்கமான முறையாகும். கற்பலகைகளின் மேற்பரப்பு கரடுமுரடானது; நீரை ஓரளவு உறிஞ்சவும் கூடியது. நீர் தேங்காமல் விரைவில் வழிய வேண்டும் என்பதால், இப்பகுதியின் கல் கூரைகள் பொதுவாக 50 பாகை அளவுக்குச் செங்குத்தாக அமைக்கப்பட்டன. அவ்வளவு சரிவான கூரையின் கீழே உயரமான வெற்றிடம் கிடைக்கும். அதுவே பரண் அறைகளாயிற்று. உயர்ந்த முக்கோண உச்சிச் சுவர்களும் இச்சரிவின் விளைவே.

உட்புறம்

வீட்டின் உள்ளே 17 ஆம் நூற்றாண்டின் அறை அமைப்பு பெருமளவு எஞ்சியுள்ளது. வடகிழக்குப் பகுதியின் தரைத்தளத்தில் உள்ள அறை மரப்பலகைகளால் சுவர் மறைக்கப்பட்டு, வெள்ளை வண்ணம் பூசப்பட்டது. அதன் கணப்பின் மேல் டர்னர் குடும்பத்தின் சின்னம் செதுக்கப்பட்டுள்ளது. அதற்கு மேலுள்ள அறையின் சுவர்களில், விவிலியத்தில் வரும் சிம்சோனின் கதையைச் சித்திரிக்கும் 17 ஆம் நூற்றாண்டு நெசவுத் திரைகள் தொங்குகின்றன. இவை மாரிஸ் குடியேறியபோதே அங்கு இருந்தவை. அவற்றின் வண்ணங்கள் மங்கிப்போயிருந்தன. அந்த மங்கிய நிறங்கள் அறைக்கு இனிமை தருவதாக மாரிஸ் கருதினார்.

பரண் அறைகளில் கூரையைத் தாங்கும் மரச்சட்டங்கள் மறைக்கப்படாமல் வெளியே தெரிகின்றன. பண்ணைவீடாக இருந்த காலத்தில் வேலையாட்கள் உறங்கிய இடம் இதுவாகும். கட்டிடம் எவ்வாறு நிற்கிறது என்பதை வேறெந்த அறையையும் விட இங்கே தெளிவாகக் காணலாம்.

மாரிசின் படுக்கையறையில் 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நான்கு தூண் கட்டில் உள்ளது. அதன் மேல்விளிம்புத் திரையில், இக்கட்டிலுக்காக அவர் எழுதிய பாடலை அவருடைய இளைய மகள் மே மாரிசும் அவருடன் பணியாற்றியோரும் பூத்தையலால் வரைந்துள்ளனர். படுக்கை விரிப்பைத் தைத்தவர் மாரிசின் மனைவி ஜேன்.

சுற்றுப்புறம்

வீட்டைச் சுற்றி உயரமான கல்மதில் உள்ளது. மதிற்கதவிலிருந்து முன்வாசல் வரை கல் பாவிய நேரான பாதை செல்கிறது. மாரிஸ் எழுதிய 'எங்குமில்லா ஊரிலிருந்து செய்திகள்' என்னும் கற்பனைப் புதினத்தின் 1892 ஆம் ஆண்டுப் பதிப்பில், வீட்டின் இம்முகப்பே முகப்போவியமாக இடம்பெற்றது. அக்கதையில் எதிர்கால மனிதர்கள் தேம்ஸ் வழியாகப் படகில் வந்து சேரும் இறுதி இடமும் இதுவே. களஞ்சியங்கள், புறாக்கூடு, மூவர் ஒருங்கே அமரக்கூடிய பழைய கழிப்பறை ஆகியவையும் வளாகத்தில் எஞ்சியுள்ளன.

மாரிசும் பேணல் கொள்கையும்

1871 இல் மாரிஸ், ஓவியர் டான்டே கேப்ரியல் ரோசெட்டியுடன் இணைந்து இவ்வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். ரோசெட்டி 1874 இல் விலகினார். அதன் பின்னரும் மாரிஸ் குத்தகையைத் தொடர்ந்தார். அவர் இதன் உரிமையாளராக ஒருபோதும் இருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அக்காலத்தில் இங்கிலாந்தின் பழைய தேவாலயங்கள் பலவும் 'மீள்கட்டுமானம்' என்ற பெயரில் மாற்றியமைக்கப்பட்டு வந்தன. ஒரு கட்டிடத்தின் மிகச்சிறந்த காலம் எது என்பதைக் கட்டிடக்கலைஞர் முடிவு செய்வார்; பிற காலத்துச் சேர்க்கைகளை நீக்குவார்; இல்லாத பகுதிகளை அப்பழைய பாணியில் புதிதாகக் கட்டுவார். பழைய சுவர்ப்பூச்சும் சுரண்டி எடுக்கப்படும். 1876 இல் கெல்ம்ஸ்காட்டுக்கு அருகிலுள்ள பர்போர்டு ஊரின் தேவாலயத்தில் இத்தகைய வேலை நடைபெறுவதை மாரிஸ் நேரில் கண்டார். 1877 இல் டியூக்ஸ்பரி தேவாலயத்திலும் மீள்கட்டுமானம் திட்டமிடப்பட்டதை எதிர்த்து இதழொன்றுக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டிலேயே தொன்மைக் கட்டிடங்கள் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. கட்டிடக்கலைஞர் பிலிப் வெப் இதில் அவருக்குத் துணையாக இருந்தார். சுவர்களைச் சுரண்டுவதை எதிர்த்ததால், 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்' என்னும் பொருளில் இதற்குப் பட்டப்பெயரும் உண்டு.

சங்கத்தின் கொள்கையைச் சுருக்கமாகக் கூறின்: பழைய கட்டிடத்தை மீள்கட்டக்கூடாது, பழுதுபார்க்க வேண்டும். அன்றாடம் கவனித்துச் சிறு பழுதுகளை உடனுக்குடன் சரிசெய்தால் பெரிய அழிவு நேராது. தாங்குகால் தேவைப்பட்டால் அதை வெளிப்படையாக வைக்கலாம். பழையதைப் போன்ற போலித் தோற்றம் அதற்கு வேண்டியதில்லை. ஒவ்வொரு நூற்றாண்டும் கட்டிடத்தில் விட்டுச்சென்ற தடயத்திற்கு மதிப்பு உண்டு.

கெல்ம்ஸ்காட் வீட்டை எடுத்துக்கொண்டால் இக்கொள்கை எளிதில் விளங்கும். 1600 ஆம் ஆண்டு வீடே உண்மையான வீடு என்று கொண்டால், 1665 இன் முக்கோண அணிகளை நீக்க வேண்டியிருக்கும். முகப்பைச் சீராக்க வேண்டும் என்றால் சுவரின் உட்சாய்வை நேராக்க வேண்டியிருக்கும். இரண்டிலும் வீடு கட்டப்பட்ட முறை பற்றிய சான்று மறைந்துவிடும்.

1938 க்குப் பின்

மாரிஸ் 1896 அக்டோபர் 3 அன்று லண்டனில் காலமானார். அவரது உடல் கெல்ம்ஸ்காட் தேவாலயத்தின் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பிலிப் வெப் வடிவமைத்த கல்லறை, தாழ்வான கூரை முகட்டின் வடிவில் அமைந்துள்ளது. 1902 இல் ஜேன் மாரிஸ், கணவரின் நினைவாக ஊரில் இரு குடில்களை வெப்பைக் கொண்டு கட்டுவித்தார். 1913 இல் அவர் கெல்ம்ஸ்காட் மேனரை விலைக்கு வாங்கினார். மறு ஆண்டே காலமானார். பின்னர் மே மாரிஸ் இங்கு வாழ்ந்தார். ஊரின் நினைவு மண்டபம் அவரது முயற்சியால் எழுந்து 1934 இல் திறக்கப்பட்டது.

1938 இல் மே இறந்தபோது வீடு அவரது விருப்பப்படி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வீட்டையும் அதன் பொருள்களையும் அவ்வாறே காக்க வேண்டும் என்ற நிபந்தனைகளின்படி அதைப் பராமரிப்பது பல்கலைக்கழகத்திற்கு இயலாததாயிற்று. 1962 இல் வீடு லண்டன் தொல்பொருளியலாளர் சங்கத்தின் பொறுப்பில் வந்தது. அப்போது அதன் நிலை மோசமாக இருந்தது. 1964 முதல் 1967 வரை டொனால்டு இன்சால் என்னும் கட்டிடக்கலைஞரின் நிறுவனம் விரிவான பழுதுபார்ப்பை மேற்கொண்டது.

அன்றாடக் கவனிப்பே கட்டிடத்தைக் காக்கும் என்ற மாரிசின் கருத்து, அவருடைய சொந்த வீட்டிலேயே இவ்வாறு சோதனைக்கு உள்ளானது. கல் உறுதியானதே. ஆனால் கற்பலகையைத் தாங்கும் மரமுளை உளுத்துப்போகும், சட்டம் மக்கும், சாந்து தேயும். ஒரு பலகை நழுவினால் உள்ளே இறங்கும் நீர் கைமரத்தையும் அதன் பின்னர் சுவரையும் பாதிக்கும். எனவே இத்தகைய வீட்டின் ஆயுள், கூரையேறி நழுவிய பலகையை மீண்டும் பொருத்தும் கைவினைஞர்கள் இருப்பதையும் பொறுத்தது.

மற்றொரு பெரிய பேணல் பணிக்குப் பின்னர் வீடு 2022 இல் பார்வையாளர்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. தொல்பொருளியலாளர் சங்கமே இதைத் தொடர்ந்து பராமரித்து வருகிறது.